மொய் வரும்னு நம்பி பர்த்டேக்கு லோன் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். காவேரிப்பட்டணம் பக்கம் சொந்த வீடு, ஓசூர்ல கம்பெனி வேலை, பிடித்தம் போக கைக்கு 31,000 வருது. பைக் டியூ 3,200 போகுது, பேங்க்ல 45,000 இருக்கு. இன்னும் மூணு மாசத்துல பாப்பாவுக்கு முதல் பர்த்டே. வீட்டுக்காரம்மா வீட்டுலயே பண்ணிக்கலாம்ங்கறாங்க. எங்கம்மா கிருஷ்ணகிரில மண்டபம் புடிச்சு 300 பேரைக் கூப்பிடணும்ங்கறாங்க, இத்தனை வருஷமா நாம எழுதின மொய் திரும்பி வரும், அதுல கடனை அடைச்சுடலாமாம். 1.5 லட்சம் பர்சனல் லோன் தர்றோம்னு போன் மேல போன் வருது. எடுக்கலாமா?

பதில்: லோன் வேண்டாம் தம்பி. ஃபங்ஷன் வேண்டாம்னு சொல்லல, வீட்டுல பண்ணுங்க, இருக்கிற பணமே பத்தும்.

16% வட்டில 2 வருஷத்துக்கு எடுத்தீங்கன்னா மாசம் 7,350 கிட்ட டியூ வரும், கட்டி முடிக்கிறப்ப 1,76,000 ஆயிருக்கும், ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டின்னு புடிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் கைல குடுப்பான் அது தனி. பைக் டியூவோட சேத்தா மாசம் 10,500, சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. பாப்பா மூணாவது பர்த்டேக்கு கேக் வெட்டுற வரைக்கும் முதல் பர்த்டேக்கு டியூ கட்டிட்டு இருப்பீங்க.

சரி, அம்மா சொல்ற மொய்க்கு வருவோம். அவங்க சொல்றது பொய் இல்ல, எழுதினது திரும்பி வரும்தான், ஆனா எப்ப வரும்? நம்ம பக்கம் சனங்க பெரிய மொய்யை காதுகுத்து, கல்யாணம், புது வீட்டுக்குன்னுதான் வெச்சிருப்பாங்க. பர்த்டேன்னா கவர்ல 200, 500, இல்லன்னா ஒரு கவுனு, ஒரு பெரிய கரடி பொம்மை, அவ்ளோதான். அம்மாகிட்ட அந்த மொய் நோட்டை வாங்கி ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பாருங்க. நீங்க 1,000 எழுதினவங்க 1,500 திருப்பி எழுதினா அந்த 500 வருமானம் கிடையாது, அவங்க வீட்டு அடுத்த விசேஷத்துக்கு நீங்க குடுக்க வேண்டிய பாக்கி. புதுசா எழுதுறவங்களோடது முழுசுமே பாக்கிதான். அதுவும் இல்லாம இப்ப 300 பேரைக் கூப்பிட்டு மொய் வாங்கிட்டு, அடுத்த வருஷமே குலதெய்வம் கோயில்ல மொட்டை, காதுகுத்துன்னு திரும்ப பத்திரிகை நீட்டினா என்ன பேசுவாங்கன்னு அம்மாவுக்கே தெரியும், அதை நீங்க சொல்லவே தேவையில்ல, நோட்டை முன்னாடி வெச்சு கேட்டீங்கன்னா போதும்.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. கல்யாணத்துக்கு வர்ற மொய்க்கு மட்டும்தான் வருமான வரி விலக்கு, பர்த்டேக்கு அந்த விலக்கு கிடையாது. சட்டப்படி நெருங்கின சொந்தம் குடுத்தா எவ்வளவா இருந்தாலும் வரி இல்ல, ஆனா ஃபிரண்ட்ஸ், கூட வேலை செய்றவங்கன்னு மத்தவங்க குடுத்தது ஒரு வருஷத்துல 50,000 தாண்டிச்சுன்னா மொத்தத் தொகையும் வருமானக் கணக்குல வந்துடும். உங்களுக்கு அவ்ளோ வராது, இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

வீட்டுல பண்றதுக்கு 35,000 ஒதுக்குங்க. மாசம் 5,000 எடுத்து வெச்சா மூணு மாசத்துல 15,000, பேங்க்ல இருந்து 20,000. மிச்சம் 25,000ஐ தொடாதீங்க, குழந்தை இருக்கிற வீடு, ராத்திரி திடீர்னு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். 60 பேர், 70 பேருக்கு மேல கூப்பிடாதீங்க. சாமியானா, சேர் வாடகைக்கு, சமையலுக்கு ஊர் மாஸ்டர் ஒருத்தர், காய்கறி, சாமானெல்லாம் போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தைல வாங்கினா கொஞ்சம் சல்லிசா முடியும். மத்தியான சாப்பாடா வெச்சுக்கோங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு கேக்னு வெச்சா அந்த வலை வெச்ச கவுனு குத்தி பாப்பா அழுது அழுது தூங்கியே போயிருக்கும், சொந்தக்காரங்க அதை எழுப்பி போட்டோ எடுப்பாங்க. பலூன் டெக்கரேஷன்காரன் 8,000 கேட்டா சிரிச்சிட்டே அனுப்பி விடுங்க, மாமன் மச்சான் நாலு பேர் சேந்தா ஒரு மணி நேர வேலை அது.

மோதிரம் போடறேன்னு சொல்ற சொந்தக்காரங்ககிட்ட நாசூக்கா பேசிப் பாருங்க. அரை கிராம், ஒரு கிராம் மோதிரம் ஆறு மாசத்துல விரலுக்குப் பத்தாது, மாத்தப் போனா செய்கூலி சேதாரம் எல்லாம் போச்சு. தாய்மாமன் சீரை மட்டும் விட்டுடுங்க, அதுல கை வெச்சா வேற பஞ்சாயத்து. மத்தவங்க பணமா குடுத்தா போஸ்ட் ஆபீஸ்ல பாப்பா பேர்ல செல்வமகள் கணக்குல போடுங்க. வருஷத்துக்கு 250 ரூபா கட்டினாலே கணக்கு ஓடும், அதிகபட்சம் 1.5 லட்சம், 15 வருஷம் கட்டணும், 21 வருஷத்துல முதிர்வு. மாசம் 1,000 போட்டா நீங்க கட்டுறது 1.8 லட்சம், வட்டி 8.2%லயே நின்னா வர்றது சுமாரா 5.5 லட்சம். வட்டி மூணு மாசத்துக்கு ஒருக்கா மாறலாம், அதனால 5.5ஐ கல்வெட்டா எடுத்துக்காதீங்க.

பர்த்டே வரைக்கும் காத்திருக்காம இப்பவே போய் கணக்கை ஆரம்பிங்க, பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ், உங்க ஆதார், பான், போட்டோ போதும். மாசா மாசம் 5ம் தேதிக்குள்ள கட்டிடுங்க, தாண்டிச்சுன்னா அந்தப் பணத்துக்கு அந்த மாச வட்டி வராது.