பெரிய மீனையே இனத்துக்கு நிறுத்தியும் கெளுத்தி ஏன் சிறுக்கிறது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டக் குடியிருப்புக்குப் பின்னால் நான்கு கான்வாஸ் தொட்டிகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கிறேன். நான்கு தலைமுறைகளாக, பிடிப்பில் கிடைக்கும் மிகப் பெரிய மீன்களையே இனப்பெருக்கத்துக்கு நிறுத்துகிறேன். ஓர் ஆணின் விந்தை மூன்று பெண்மீன்களின் முட்டைகளுக்குச் சேர்க்கிறேன். ஆயினும் நான்கு மாதத்தில் வந்த எடைக்கு இப்போது ஐந்தரை மாதம் ஆகிறது. வால் வளைந்த குஞ்சுகளும் தென்படுகின்றன.

பதில்: ஐயா, தீவனத்தில் வைட்டமின் சி குறைந்தாலும் முதுகெலும்பு வளையும் என்பதால், மூட்டையின் தேதியை முதலில் பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால், குறை நீங்கள் நிறுத்தும் ஆண்மீனின் எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும்.

இந்த இனத்தில் ஆணைப் பிதுக்கி விந்து எடுப்பது கடினம். அறுத்துத்தான் விந்துப்பையை எடுக்கிறோம். ஒரு பை பல பெண்களுக்குப் போதும் என்பதால், இன்னொன்றை அறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் ஓர் ஆணும் மூன்று பெண்களும் மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோரானால் உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவு மீன்கள் இணைவதன் அளவு) ஒரே தலைமுறையில் ஏறத்தாழ 17 விழுக்காடு கூடும். 25 ஆணும் 25 பெண்ணும் இருந்தால் அது 1 விழுக்காடுதான். உங்கள் தொட்டியில் இப்போது அண்ணன் தங்கையே இணைசேர்கிறார்கள்; வளர்ச்சி குன்றுவதும் வால் வளைவதும் இதனால்தான் இருக்கலாம்.

மிகப் பெரிய மீன் என்பதிலும் ஓர் ஏமாற்று உண்டு. கெளுத்திக் குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கும்; முதல் வாரங்களில் தம்பியைத் தின்று முந்திய குஞ்சுதான் பிடிப்பன்று தலைவனாக நிற்கிறது. அதை வளர்ச்சிக் குணம் என்று நம்பி நிறுத்துவது, பந்தியில் முதலில் உட்கார்ந்தவனைப் பலசாலி என்பது போலாகும்.

ஆகவே, உறவில்லாத இரண்டு மூன்று பண்ணைகளிலிருந்து ஆணும் பெண்ணுமாகப் புதிய இனப்பெருக்க மீன்களை வாங்கி, ஒவ்வொரு பெண்ணின் முட்டைக்கும் தனித்தனி ஆணின் விந்தைச் சேருங்கள். அறுத்த ஆண் குழம்புக்கு ஆகும், வீணில்லை. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைக் குடும்பவாரியாகத் தனி வலைக்கூண்டுகளில் சம எண்ணிக்கையில் விட்டு, அளவு பிரித்து வளர்த்து, ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் நன்கு வளர்ந்த சில மீன்களை எடுங்கள். 1988இல் பிலிப்பீன்சில் தொடங்கிய கிஃப்ட் (மரபுவழி மேம்படுத்திய பண்ணை மீன்) திலாப்பியா தேர்வும் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு மீன்களோடு ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்த பின்னரே நடந்தது.

நான்கு தொட்டிகளில் 25 சோடி இயலாது. எனவே இனப்பெருக்க மீன் தேர்வைப் பக்கத்துப் பண்ணையாளர்களோடு பங்கிட்டு, ஆண்மீன்களை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கூட்டத்தை விற்று முடியுங்கள். அதிலிருந்து ஒரு மீனையும் நிறுத்த வேண்டாம்.