ஆறு மலைமுகட்டில் ஓடுமா? செயற்கைக்கோள் படங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக்கோள் படங்களில் கண்ணில் பட்ட விநோதங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். "வேற்றுக்கிரகவாசிகள்தான்" என்று துணிந்து எழுதியவர்கள் குறைவு; "நான் அப்படிச் சொல்ல வரவில்லை, ஆனால்..." என்று இழுத்தவர்கள்தான் அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: காட்டின் மேல் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று நிறத்தில் விமானம் மாதிரி உருவம், ஒன்றன்பின் ஒன்றாக. கீழே நிழலே இல்லை. வேறு தேதிப் படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. என்ன அது?

விமானம்தான். ஒரே ஒரு விமானம்.

நீங்கள் பார்த்தது சென்ட்டினல்-2 படமாக இருக்க வேண்டும். அந்தச் செயற்கைக்கோள் ஒரே கிளிக்கில் முழுப் படத்தையும் எடுப்பதில்லை, போகிற போக்கில் தரையை வரிவரியாக வருடிக்கொண்டே போகிறது. நீலத்துக்கு ஒரு வரிசை உணரிகள், பச்சைக்கு ஒரு வரிசை, சிவப்புக்கு இன்னொன்று. ஒரே இடத்தை இந்த மூன்றும் பார்ப்பது ஒரே கணத்தில் அல்ல. நீலம் முதலில், சிவப்பு சுமார் ஒரு நொடி கழித்து. மரமும் பாறையும் ஒரு நொடியில் எங்கேயும் ஓடிவிடாது என்பதால் மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி இயல்பான படமாகிவிடுகிறது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிற விமானம் அந்த ஒரு நொடிக்குள் 250 மீட்டர் தாண்டிவிடும். படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர், ஆக நீல விமானத்துக்கும் சிவப்பு விமானத்துக்கும் 25 பிக்சல் இடைவெளி. நிறம் விலகி அச்சான நாளிதழ்ப் படத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. விமானம் 10 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, செயற்கைக்கோளும் நகர்ந்துகொண்டே பார்க்கிறது, எனவே பார்க்கும் கோணம் மாறுவதாலேயே உருவம் இன்னும் சில பிக்சல் தள்ளிப்போகும். அதாவது அந்த உயரத்தில் அசையாமல் மிதக்கிற பொருளுக்குக்கூட நிறம் பிரியும். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேல் பறந்த சீன பலூன் வந்த பாதையைப் பழைய படங்களில் தேடியவர்கள் பிடித்துக்கொண்ட நூல் இந்த நிறப்பிரிவுதான்.

நிழலுக்கு வருகிறேன். சூரியன் 45 டிகிரியில் இருந்தால் அந்த விமானத்தின் நிழல் 10 கி.மீ. தள்ளி விழும், நீங்கள் பெரிதாக்கிப் பார்த்த சட்டகத்துக்குள் அது வராது. போய்த் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். சூரியன் ஒரு புள்ளி அல்ல, தட்டு. அவ்வளவு தூரம் வருவதற்குள் நிழலின் விளிம்பு நூறு மீட்டர் அகலத்துக்குக் கலைந்துவிடும், இறக்கை என்று சொல்ல மிச்சம் எதுவும் இருக்காது.

கேள்வி: ஒரு மலைப்பகுதிப் படத்தில் ஆறு பள்ளத்தில் ஓடாமல் மலைமுகட்டின் மேல் ஓடுகிறது. ஏரிகள் மேடை போல உயர்ந்து நிற்கின்றன. படம் போலியா?

படம் நிஜம். போனில் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டு, போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஆறு சட்டென்று பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண்ணுக்கு ஒரு தீர்மானம் உண்டு, கேட்டு மாற்றிக்கொள்ளாது. தரையைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பல, அந்தந்த இடத்தின் நேரப்படி காலை பத்து, பத்தரை வாக்கில் கடக்கும்படி அனுப்பப்பட்டவை. பூமத்திய ரேகைக்கு வடக்கே தள்ளியிருக்கும் இடங்களில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும், நிழல் வடமேற்கே விழும். வடக்கு மேலே என்று படத்தை வைத்தால் வெளிச்சம் கீழ் வலது மூலையிலிருந்து வருகிறது. கண்ணுக்கு இது ஒப்பாது, அதனால் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றிப்போட்டுக்கொள்ளும். இதற்குப் பயந்துதான் வரைபடக்காரர்கள் மலைகளுக்கு நிழல் தீட்டும்போது சூரியனை வடமேற்கில் வைத்துத் தீட்டுகிறார்கள். வடக்கே பெரும்பாலான நாடுகளில் சூரியன் அந்தப் பக்கம் அப்படி நிற்பதே இல்லை. ஆனாலும் படம் சரியாகத் தெரிகிறது, அதுதான் வேண்டும்.

எனக்கு வருகிற "மர்ம மேடை", "மர்மக் குழி" படங்களில் கணிசமானவை இந்த ஒரு திருப்பலிலேயே முடிந்துவிடுகின்றன.

கேள்வி: செவ்வாயில் இருந்த மனித முகத்தை நாசா பிறகு மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்களே?

1976 ஜூலை 25 அன்று நாசாவின் வைக்கிங்-1 விண்கலம் எடுத்த படம் அது, சைடோனியா என்ற பகுதி. தாழ்ந்த வெயில், நீண்ட நிழல். பாதி முகம் இருட்டில். பூமிக்கு வரும் வழியில் தொலைந்த தரவுகள் படத்தில் கறுப்புப் புள்ளிகளாக விழுந்ததில் ஒன்று சரியாக மூக்குத் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் படத்தில் ஒரு பிக்சல் நாற்பது மீட்டருக்கும் மேல். மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற பிந்தைய விண்கலம் 1998இலும் 2001இலும் அதே இடத்தை எடுத்தபோது, இரண்டாவது படத்தில் பிக்சல் 1.56 மீட்டருக்கு இறங்கியிருந்தது, தெரிந்தது தட்டையான தலை கொண்ட ஒரு குன்று. முகத்தை யாரும் மாற்றவில்லை, கேமராவைத்தான் மாற்றினார்கள். இன்னொன்று, இது நிழலின் வேலை என்று முதல் படத்தை வெளியிட்ட அன்றைக்கே நாசா எழுதித்தான் கொடுத்தது. அந்தக் குறிப்பை யார் படிக்கிறார்கள்!

கேள்வி: ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலடியில் தெருக்கள் போட்டது போல நேர்க்கோட்டுக் கட்டங்கள் இருந்தன. மூழ்கிய நகரம் என்றார்கள். இப்போது தேடினால் காணோம். எங்கே போயிற்று?

2009இல் கூகுள் எர்த்தில் கடலடியையும் சேர்த்தபோது கிளம்பியது இது. கேனரி தீவுகளுக்கு மேற்கே வெகுதூரத்தில், கடலில் மூழ்கியதாகப் பழங்கதை சொல்லும் அட்லாண்டிஸ் கண்டுபிடிப்பு என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. அந்த "நகரத்தின்" ஒரு தெரு பல கிலோமீட்டர் அகலம். அதைப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடலின் அடித்தரையைச் செயற்கைக்கோள் நேராகப் பார்க்க முடியாது, தண்ணீர் விடாது. அது அளப்பது கடல்மட்டத்தின் உயரத்தை. கடலடியில் 2,000 மீட்டர் உயர மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றிலும் உள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து, மேலே ஒன்றிரண்டு மீட்டர் புடைப்பை உண்டாக்கும். கடல்மட்டத்தின் இந்தப் புடைப்புகளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் கடலடி வரைபடத்தில் பெரும்பகுதியை நிரப்பியிருந்தார்கள். கணக்கு நல்ல கணக்குதான், ஆனால் மொத்தையானது, சின்ன விஷயங்கள் தெரியாது. நடுநடுவே ஆய்வுக் கப்பல்கள் சோனார் என்ற, ஒலியால் ஆழம் அளக்கும் கருவியோடு போன இடங்களில் மட்டும் தரையின் விவரம் துல்லியமாகக் கிடைக்கும். மொத்தையான பரப்பின் நடுவில் துல்லியமான பட்டைகளைப் பதித்தால் விளிம்புகள் கோடு கோடாகத் துருத்திக்கொண்டு தெரியாமல் என்ன செய்யும்? கப்பல்கள் வயல் உழுவதுபோல் முன்னும் பின்னும் நேர்க்கோட்டில் போய்வருபவை, எனவே கோடுகளும் கட்டம் கட்டமாக விழுந்தன. நீங்கள் பார்த்த தெருக்கள் கப்பல் போன தடம். 2012இல் தரவைத் திருத்தினார்கள், நகரம் மறைந்தது.

அதே 2012இல் தலைகீழாக ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவே சாண்டி தீவு என்று 20 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள ஒரு தீவு வரைபடங்களில் இருந்தது, கூகுள் எர்த்தில் கன்னங்கரேல் என்று ஒரு கறையாகத் தெரிந்தது. ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பலான சதர்ன் சர்வேயர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தது: தீவு இல்லை, ஆழம் 1,400 மீட்டர். 1876இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் கொடுத்த தகவல் வரைபடம் வரைபடமாகத் தொற்றி, கடைசியில் கணினிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து மாலுமிகள் பார்த்தது, எரிமலை கக்கி மிதந்துகொண்டிருந்த நுரைக்கல் கூட்டமாக இருக்கலாம் என்பது ஒரு ஊகம், எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆக, உருவம் தெரிகிறது என்பதால் அங்கே பொருள் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கேள்வி: பாலைவனத்தில் அச்சு வார்த்த மாதிரி நூற்றுக்கணக்கான வட்டங்கள். சில முழு வட்டம், சிலவற்றில் ஒரு துண்டு வெட்டியது போல. விளக்கம்?

விவசாயம். நடுவில் ஒரு கிணறு அல்லது குழாய், அதிலிருந்து சக்கரங்களின் மேல் 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்க்கை, அது கடிகார முள் போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே தெளிக்கிறது. ஃபிராங்க் சைபாக் என்ற அமெரிக்க விவசாயி 1952இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. தண்ணீர் எட்டுகிற இடம் மட்டும் பச்சை, வயலின் நான்கு மூலைகளும் காய்ந்து கிடக்கும். குறுக்கே சாலையோ கட்டடமோ வந்தால் கை முழுச்சுற்று சுற்றாமல் திரும்பிவிடும், அதுதான் வெட்டிய துண்டு. சவூதியிலும் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலும் நிறைய பார்க்கலாம்.

ஒரே மையத்தைச் சுற்றி வளையத்துக்குள் வளையமாக, 40 கி.மீ.க்கு மேல் அகலத்தில் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருந்த வாசகருக்கு: அது மௌரித்தானியாவில் உள்ள ரிஷாட், "சகாராவின் கண்" என்பார்கள். 1965இல் ஜெமினி-4 விண்கலத்தில் போனவர்கள் எடுத்த படங்களால் பிரபலமானது. விண்கல் விழுந்த குழி என்றுதான் முதலில் நினைத்தார்கள், மோதலின் அழுத்தத்தில் பாறை அடைகிற மாற்றங்கள் அங்கே கிடைக்கவில்லை. கீழிருந்து உந்தப்பட்டுக் கவிகை போல எழும்பிய பாறை அடுக்குகளை அரிப்பு சீவித் தள்ளிவிட்டது. கெட்டியான குவார்ட்சைட் அடுக்குகள் வளையமாக நின்றுவிட்டன, மென்மையானவை பள்ளமாகிவிட்டன. இதையும் அட்லாண்டிஸ் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நகரம் எத்தனை இடத்தில்தான் மூழ்கும்?

கேள்வி: சில இடங்கள் கறுப்பாகவோ மங்கலாகவோ இருக்கின்றனவே, மறைக்கிறார்கள்தானே?

சில இடங்களில் ஆமாம், மறைத்துத்தான் இருக்கிறார்கள். நெதர்லாந்து தன் ராணுவத் தளங்களைக் கட்டம் கட்டமாக மங்கலாக்கிய படங்கள் நெடுநாள் புழக்கத்தில் இருந்தன. இஸ்ரேலை 2 மீட்டரை விடத் தெளிவாகக் காட்டும் படங்களை அமெரிக்க நிறுவனங்கள் விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, 1996இல் வந்த ஒரு சட்டத்தின் பேரில், 2020 வரை இருந்தது. அதன் பிறகு 0.4 மீட்டர் என்று தளர்த்தினார்கள்.

ஆனால் கறுப்பு என்றாலே மறைப்பு என்று போய்விட வேண்டாம். 2021இல் பசிபிக் கடல் நடுவே ஒரு முக்கோணக் கருந்துளை என்று படம் சுற்றியது, ஞாபகம் இருக்கலாம். கிரிபாட்டி நாட்டின் வாஸ்டாக் தீவு அது, ஆள் கிடையாது. பிசோனியா மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்து, மேலிருந்து பார்த்தால் இருட்டாகத் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் கடற்கரையின் வெள்ளைக் கோடும் தெரியும். வைரலான படத்திலேயே தெரிந்தது.

கேள்வி: எதைப் பார்த்தாலும் இப்படி விளக்கம் சொல்லிவிடுகிறீர்கள். விளக்கம் கிடைக்காத ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. கசகஸ்தானிலிருந்தே இரண்டு சொல்கிறேன், முதலாவதற்கு விளக்கம் உண்டு, இரண்டாவதற்கு இன்னும் முழுதாக இல்லை.

லிசாகோவ்ஸ்க் நகரத்துக்குப் பக்கத்தில், அணைக்கட்டு நீர்த்தேக்கத்தின் கரையில், வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம், குறுக்களவு சுமார் 366 மீட்டர். சாத்தான் வழிபாடு என்று இணையம் அலறியது. சோவியத் காலத்தில் நட்சத்திர வடிவில் போட்ட பூங்கா அது, பாதையோரம் வளர்ந்த மரங்களால் கோடுகள் அழுத்தமாகத் தெரிகின்றன. அந்தக் காலத்தில் அங்கே நட்சத்திரம் எதில்தான் இல்லை!

அதே நாட்டில் துர்காய் பகுதியில், மண்மேடுகளை வரிசையாக வைத்துச் செய்த பெரிய வடிவங்கள் இருக்கின்றன. 2007இல் திமித்ரி தெய் என்பவர் கூகுள் எர்த்தில் பார்த்து வெளியே சொன்னார். அவற்றில் ஒன்று, 101 மேடுகளால் ஆன சதுரம், மூலைக்கு மூலை குறுக்குக் கோடுகளோடு. இது நிழல் இல்லை, தரவுக் கோளாறு இல்லை, வேறு தேதியில் பார்த்தாலும், போனைத் திருப்பிப் பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. மனிதர்கள் செய்ததுதான். எப்போது செய்தார்கள், எதற்குச் செய்தார்கள் என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம். அது படத்தைப் பெரிதாக்கினால் தீராது, மண்வெட்டியோடு போனவர்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை படம் அனுப்புகிறவர்கள் இடத்தின் ஆயத்தொலைவையும், படம் எடுத்த தேதியையும் சேர்த்தே அனுப்புங்கள். தேதி இல்லாமல் வருவதைப் பார்க்கப் போவதில்லை, சொல்லிவிட்டேன்.