வீட்டுத் தச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காற்றில் சாய்ந்த எங்கள் வீட்டுப் பிலா (பலா) மரத்தை மில்லில் கொடுத்து ஒரு அங்குலப் பலகையாக அறுத்து வைத்திருக்கிறோம். அதில் புத்தக அலமாரி ஒன்று நானே செய்ய ஆசை. என்ன கருவிகள் வாங்க வேண்டும்? மெஷின் இல்லாமல் முடியுமா?
– வாசகி, குழித்துறை

பதில்: முடியும், தாராளமாக முடியும். நல்ல மரம் வாய்த்திருக்கிறது உங்களுக்கு. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் தாய்க்கொட்டாரத்தில் பிலாவில் செதுக்கிய தூணை ஒரு தடவை நின்று பாருங்கள், நம் முற்றத்தில் சக்கை காய்க்கிற மரமா இது என்று தோன்றும்.

ஆனால் கருவிக்கு முன்னால் ஒரு விஷயம். பலகையை எப்போது அறுத்தீர்கள் என்று எழுதவில்லை. நிழலில் காய்வதற்கு ஒரு அங்குலக் கனத்துக்குச் சுமார் ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டும் பெய்கிற ஊர் நம்முடையது, அதனால் அந்தக் கணக்கில் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். தரையில் கட்டை போட்டு, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து, அவை மேலிருந்து கீழே ஒரே நேராக நிற்கும்படி அடுக்குங்கள். பலகையின் இரண்டு முனையிலும் மிச்சமிருக்கும் பெயின்ட் ஏதாவது பூசிவிடுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் விழும்.

சரி, கருவி. ஒரு இழைப்புளி, பல் நெருக்கமான கைவாள் ஒன்று, கால், அரை, முக்கால் அங்குலத்தில் மூன்று உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ், நாலு நீள கிளாம்ப். மெஷின் வேண்டுமென்றால் டிரில் ஒன்று போதும். அறுக்கும் மெஷினை இப்போது வாங்க வேண்டாம். பழகாத கைக்கு அது ஆபத்து, அது மிச்சப்படுத்தும் நேரமும் ஒரு அலமாரிக்குப் பெரிதில்லை.

இந்தப் பட்டியலில் எல்லாரும் விட்டுவிடுவது தீட்டுக்கல். கடையில் வாங்கிய புது உளி அப்படியே வெட்டாது, தீட்டித்தான் ஆக வேண்டும். நான் பார்த்தவரை, 'எனக்குக் கை வரவில்லை' என்று தச்சு வேலையை விட்டவர்களில் பாதிப் பேருக்குக் குறை கையில் இல்லை, மழுங்கின உளியில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் உள்ள எண்ணெய்க்கல் ஒன்று வாங்குங்கள், அதற்கும் பணம் இல்லையென்றால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, 400 நம்பர் பேப்பரில் ஆரம்பித்து 1500 நம்பர் வரை போங்கள். உளியின் சரிவு 25 டிகிரி, அதன் நுனியில் மட்டும் 30 டிகிரிக்கு மெல்லிசாக இன்னொரு சரிவு. பின்பக்கம் கண்ணாடி மாதிரித் தட்டையாக இருக்க வேண்டும், அதை முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்துவிட்டால் பிறகு அந்த வேலை இல்லை. காகிதத்தைத் தொட்டதும் அறுத்தால் உளி தயார். பிலாவில் ரேகை, அதாவது மர நார், மாறி மாறி ஓடும், ஒரு இடத்தில் வழுக்கிப் போகும் இழைப்புளி அடுத்த சாணில் சிம்பு பிய்க்கும், அதனால் அலகைத் தீட்டி மெல்லிசாகச் சீவுங்கள்.

அலமாரியில் புத்தகத் தட்டுகளை ஆணி அடித்துத் தொங்கவிடாதீர்கள். பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதற்குள் தட்டை உட்கார வையுங்கள். காடியின் ஆழம் பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு ஓரத்தையும் கைவாளால் அறுத்துக்கொண்டு நடுவை உளியால் எடுத்தால் போதும். தட்டின் நீளம் இரண்டரை அடியைத் தாண்ட வேண்டாம். புத்தகம் வரிசையாக நிற்கும்போது தட்டு நீளம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்கு ஆகும், இரண்டு மடங்கு இல்லை. முதுகுப் பக்கம் ஒரு ப்ளைவுட் அடித்து மூடிவிடுங்கள். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் பிடித்து வைப்பது அதுதான்.

கேள்வி: நான் செய்த ஸ்டூல் இரண்டே மாதத்தில் ஆடுகிறது. ஆணியும் அடித்தேன், ஸ்க்ரூவும் போட்டேன். எந்த இணைப்பு சரி?
– வாசகர், களியக்காவிளை

பதில்: உட்கார்ந்தவர் ஒவ்வொரு தடவை அசையும்போதும் ஸ்டூல் கால் ஒரு கடப்பாரை மாதிரி நெம்புகிறது. குறுக்குச் சட்டத்தின் முனையில், அதாவது ரேகை வெட்டுப்பட்ட இடத்தில் இறங்கின ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் அங்கே பிடிமானம் குறைவு, நெம்ப நெம்ப துளை பெரிதாகிவிடும். இன்னும் பெரிய ஆணி அடித்தால் இன்னும் பெரிய துளைதான் கிடைக்கும்.

சட்டத்தின் முனையில் நாக்கு, காலில் அதற்கேற்ற துளை. இதைவிட நல்ல வழி ஸ்டூலுக்கு இல்லை. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் அதற்கு நெருக்கமாக உங்களிடம் எந்த அளவு உளி இருக்கிறதோ அந்த அகலத்தையே வைத்துக்கொள்ளுங்கள். துளையை முதலில் எடுங்கள். டிரில்லால் வரிசையாகத் துளைத்து, சுவரை உளியால் நேராக்குங்கள். பிறகு நாக்கை அறுத்து அதற்குப் பொருத்துங்கள், ஏனென்றால் நாக்கைச் சீவிச் சரிசெய்வது சுலபம், துளையை அப்படிச் செய்ய முடியாது. கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் போக வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளக்கும். தானாக விழுந்தால் பசை காப்பாற்றாது.

இன்னொன்று, நாக்கைச் சுற்றியுள்ள தோள், அதாவது நாக்கு அறுத்தபின் சட்டத்தில் நிற்கும் படி, காலோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், ஆட்டத்தைத் தடுப்பதில் பாதி வேலை அந்தத் தோளுடையது. அதனால் அங்கே பென்சில் கோடு போதாது, கத்தியால் கீறி அந்தக் கீறலில் வாளை வையுங்கள். இரண்டு சட்டம் ஒரே காலில் சந்தித்தால் இரு நாக்கின் முனையையும் 45 டிகிரியில் சாய்த்து அறுங்கள், துளைக்குள் முட்டிக்கொள்ளாது. ஃபெவிகால் போட்டு கிளாம்ப் இறுக்கி, ஒரு நாள் முழுக்க யாரையும் உட்கார விடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் வெட்டிய ரப்பர் மரத்தில் பெஞ்ச் செய்தேன். கீழே மாவு மாதிரி கொட்டுகிறது.
– வாசகர், குலசேகரம்

பதில்: வண்டு விழுந்திருக்கிறது. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்னத்தான் வருகிறது. மரத்தை வெட்டின சில நாளிலேயே போரான் மருந்தை அழுத்தத்தில் உள்ளே ஏற்றிச் சூளையில் காயவைக்க வேண்டும். வீட்டில் பிரஷ்ஷால் பூசினால் மருந்து உள்ளே போகாது. இந்தப் பெஞ்சை மற்ற மரச் சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். அடுத்த தடவை மருந்தேற்றிய ரப்பர் பலகையாகவே வாங்குங்கள், அதையும் வீட்டுக்குள் மட்டும் போடுங்கள். மழை பட்டால் போரான் கரைந்து போகும்.

கேள்வி: நாலு பலகை ஒட்டிச் செய்த மேசை, சாரல் காலத்தில் நன்றாக இருந்தது. மாசி பங்குனியில் நடுவில் பிளந்துவிட்டது. பசை சரியில்லையா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: பசை மேல் தப்பில்லை. என் அக்கா வீட்டுக்கு நான் செய்த முதல் மேசையும் இப்படித்தான் பிளந்தது, அந்தச் சத்தம் கேட்டு ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டதாக அக்கா சொன்னது இன்னும் என் மனதில் இருக்கிறது. பலகை நீளவாக்கில் அனேகமாக மாறாது. ஆனால் அகலவாக்கில் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். இரண்டடி அகல மேசையில் அது சில மில்லிமீட்டர் வரும். கீழே சட்டத்தோடு எல்லாப் பக்கமும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால் சுருங்க வழியில்லாமல் பலகை தன்னையே கிழித்துக்கொள்கிறது.

ஸ்க்ரூவை எல்லாம் கழற்றுங்கள். பிளவைத் திரும்ப ஒட்டிக் காயவிடுங்கள். நடுவில் உள்ள ஸ்க்ரூக்களை மட்டும் பழைய மாதிரி முறுக்கிவிட்டு, ஓரத்தில் உள்ளவற்றுக்குச் சட்டத்தில் இருக்கும் துளையை மேசையின் அகலவாக்கில் நீள்துளையாக்குங்கள். வாஷர் போட்டு, அசைய இடம் விட்டு முறுக்குங்கள்.

கேள்வி: டிராயருக்குப் புறாவால் இணைப்பு கட்டாயமா? கையால் வருமா?
– வாசகர், தக்கலை

பதில்: டிராயரை நாம் முன்பக்கம்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறோம், அந்த இழுப்புக்கு, புறாவின் வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் இந்த இணைப்பு மாதிரித் தாங்குவது வேறில்லை. அதனால் முன்பக்கத்துக்கு மட்டுமாவது போடுங்கள், பின்பக்கம் காடி போதும். வாலின் பக்கச் சாய்வு தேக்கு, அயினி போன்ற மரத்துக்கு 8-க்கு 1 (எட்டு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சாய்வு), மென்மையான மரத்துக்கு 6-க்கு 1. முதலில் வாலை அறுத்து, அதையே மற்றப் பலகையின் முனையில் வைத்துக் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள், அளவெடுத்து வரைய வேண்டாம். வாளைக் கீறலின் மேல் வைக்காமல், எடுத்து எறியப்போகும் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளி வையுங்கள். மிச்சப் பலகைத் துண்டுகளில் ஐந்தாறு முறை அறுத்துப் பார்த்துவிட்டு டிராயர் பலகையை எடுங்கள்.