இதயம் நிரம்புவதும் இறைப்பதும்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவில் தோட்ட மருத்துவமனையில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இதயத் துடிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நாடியைக் கட்டைவிரலால் பார்க்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் படிவ மாணவி: ஒரு துடிப்பில் முதலில் நடப்பது நிரம்புவதா, சுருங்குவதா?

அது ஒரு வட்டம், மகளே, எங்கிருந்தும் தொடங்கலாம். பலரும் மறந்துவிடுவது நிரம்புவதை என்பதால் நான் அங்கிருந்து தொடங்குகிறேன். நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும்போது ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் 0.8 விநாடியில், இரத்தத்தை வெளியே தள்ளும் கீழறைகள் சுருங்குவது ஏறத்தாழ 0.3 விநாடிதான், எஞ்சிய நேரமெல்லாம் அவை தளர்ந்திருக்கின்றன. தளர்ந்த கீழறையின் அழுத்தம் மேலறையின் அழுத்தத்தைவிடக் குறைந்தவுடன் இடையிலுள்ள வால்வு தானே திறக்க, அங்கே காத்திருந்த இரத்தம் இறங்குகிறது. ஓய்விலிருக்கும் உடலில் முக்கால் பங்கு இப்படியே சேர்ந்துவிடும். மிச்சத்தை மேலறை கடைசியில் சுருங்கித் தள்ளுகிறது. இப்போது இடது கீழறையில் ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். கீழறை இறுகத் தொடங்கியதும் மேல் வால்வு மூடிக்கொள்கிறது, வெளிவாசல் வால்வோ இன்னும் திறக்கவில்லை. எல்லா வழியும் அடைபட்ட அந்தக் கணத்தில் அழுத்தம் மட்டும் ஏறி, பெருந்தமனியின் அழுத்தத்தை மிஞ்சியதும் வால்வு திறந்து ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் வெளியே பாய்கிறது. மீதி உள்ளேயே தங்கும், அது நோயன்று.

செம்பனை லாரி ஓட்டுநர்: 'லப்டப்' என்பது இதயம் சுருங்கி விரியும் ஓசையா?

அன்று. முதல் ஓசை மேலறை-கீழறை வால்வுகள் மூடும்போதும், இரண்டாவது ஓசை வெளிவாசலிலுள்ள தமனி வால்வுகள் மூடும்போதும் எழுகின்றன. துடிப்பை எண்ணுவதானால் இரு விரல்களால் எண்ணுங்கள். கட்டைவிரலில் உங்கள் சொந்த நாடியே தட்டிக் குழப்பும்.

ஆலையில் பம்பு பழுதுபார்த்தவர்: கைப்பம்பைப் போல இதயமும் உறிஞ்சத்தானே செய்கிறது?

இல்லை, இதயம் தள்ளும் பம்பு. இரத்தம் அழுத்த வேறுபாட்டால் இறங்குகிறது.

அவரே மீண்டும்: அந்த வேறுபாட்டை உண்டாக்குவது யார், ஐயா? கைப்பம்பிலும் அதேதான் நடக்கிறது.

ஒப்புக்கொள்கிறேன், அண்ணே, அவசரத்தில் பதில் சொல்லிவிட்டேன். சுருங்கும்போது கீழறை ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொள்கிறது. தளரும்போது அந்த முறுக்கு விடுபட்டு மீள்வதால், நிரம்பத் தொடங்கும் கட்டத்தில் ஓரளவு இழுப்பு உண்டாகிறது. ஓடும்போது அது இன்னும் கூடும். ஆனால் கைப்பம்பின் பிடியைத் தூக்க வெளியே ஒரு கை வேண்டும். இங்கே தசையே தளர்ந்தாக வேண்டும். சுருங்குவதற்காகத் தசைக்குள் பரவிய கால்சியத்தைத் திரும்ப அதன் சேமிப்பிடத்திற்கு இறைக்க ஆற்றல் செலவாகிறது, ஆகவே தளர்வதும் ஓர் உழைப்பே. நெடுநாள் இரத்தக் கொதிப்பில் சுவர் தடித்து விறைத்தால், சுருங்கும் வலிமை நன்றாக இருந்தும் இதயம் நிரம்ப முடியாமல் மூச்சு வாங்கலாம்.

இன்னொருவர்: இடப்பக்கம்தானே அதிக இரத்தம் அனுப்புகிறது?

இல்லை. சராசரியாக இரு பக்கமும் ஒரே அளவுதான் அனுப்பும். இடப்பக்கத்தின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரசம், வலப்பக்கத்தினுடையது ஏறத்தாழ 25, வேறுபாடு அங்கேதான்.

மேலும் மூவர்: நிரம்புவது முதலா, சுருங்குவது முதலா?

மாணவிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பால்மரம் வெட்டியவர்: மலையேறினால் நெஞ்சு இறுகி இடக்கை வலிக்கிறது, துடிப்பு வேகம் காரணமா?

அம்மா, இதற்கு எழுத்தில் பதில் சொல்லக்கூடாது. இன்றே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்தால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். காரணத்தை மட்டும் சொல்கிறேன்: இடது கீழறைத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும்போதுதான் கிடைக்கிறது. துடிப்பு விரையும்போது முதலில் குறைவது அந்தத் தளர்வு நேரம்.

பம்பு பழுதுபார்த்தவர்: அப்படியானால் உறிஞ்சுகிறது என்று எழுதிக்கொள்ளலாமா?

'ஓரளவு' என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், அண்ணே.