முதல் மழைக்கு விதைக்கலாமா? தானியப் பயிர்க் கேள்வி பதில்

கேள்வி: நேற்று முதல் மழை. நாளைக்கே சோளம் விதைக்கலாமா?

பதில்: ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். அடிமண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். நாலு விரலுக்குக் கீழே புழுதியாக இருந்தால் விதைக்காதீர்கள். மேல் ஈரத்தில் விதை முளைத்துவிடும், வேர் இறங்க ஈரம் இருக்காது. அப்புறம் இரண்டு வாரம் காய்ந்தால் முளை கருகி, மறுபடி விதை வாங்க அலைய வேண்டும். முதல் மழையை நம்பாதீர்கள்.

கேள்வி: மழை மொத்தத்தில் வழக்கமான அளவுதான் பெய்தது. மக்காச்சோளம் பாதிகூட விளையவில்லையே, ஏன்?

பதில்: நல்ல கேள்வி. மொத்தக் கணக்கு நமக்குத்தான், பயிருக்கு இல்லை. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். 100 மில்லிமீட்டர் ஒரே இரவில் கொட்டினால் மண் குடித்தது போக மிச்சம் ஓடிவிடும், தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டு. அதே மழை ஐந்து தவணையாக வந்தால் பெரும்பாலும் வேருக்குப் போகும்.

அதைவிட முக்கியம், எந்த வாரம் காய்ந்தது என்பது. மக்காச்சோளத்தில் உச்சியில் இருக்கும் ஆண் பூ மகரந்தத்தை உதிர்க்கும், கதிரின் பட்டு நூல் அதைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் பட்டு நூல் பிந்தி வரும். அதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும். உங்கள் கதிரை உரித்துப் பாருங்கள், பல் போன வாய் மாதிரி அங்கங்கே மணி இல்லாமல் இருந்தால் அந்த வாரம்தான் காரணம். நெல்லிலும் கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்னும் பூக்கும்போதும் காய்ந்தால் பதர்தான். தூர் கட்டும்போது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும்போது, ஒரு வாரம் காய்ந்தால் ஓரளவு தேறிக்கொள்ளும். பூப்பில் காய்ந்துவிட்டால் பிறகு பெய்கிற மழை வைக்கோலுக்கு.

கேள்வி: கம்பு பூக்கும்போது விடாமல் மழை. பாதிக்குமா?

பதில்: மகரந்தம் கழுவிப் போகும், கதிரில் தேன்போல வடியும் பூஞ்சை நோயான தேன் ஒழுகலும் வரலாம்.

கேள்வி: இந்த வாரம் மழை வருமா?

பதில்: வானிலை நிலையத்தைக் கேளுங்கள். நான் பயிர்க்காரன்.

கேள்வி: மழை ஒரு மாதம் தள்ளிவிட்டது. நீண்ட வயதுள்ள பழைய நெல் ரகத்தையே போடலாமா?

பதில்: பழைய ரகங்கள் பலவும் வயதை எண்ணிப் பூப்பதில்லை, பகல் நீளம் குறைவதைப் பார்த்துப் பூக்கும். ஒரு மாதம் பிந்தி விதைத்தாலும் கிட்டத்தட்ட அதே தேதியில் கதிர் வரும். இடையில் வளரும் காலம் வெட்டுப்படும், தூர் குறையும். ஆனால் மழை ஓயும் நேரத்துக்குப் பயிர் முடிந்துவிடுவது அதில் ஒரு வசதி. குறுகிய வயது ரகம் என்றால் பூக்கும் நாளை எண்ணி, அப்போது ஈரம் இருக்குமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஈரத்துக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்கள். நான் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பவன். நீங்கள் விதைக்கும் அன்றைக்கு என் சோளம் மூன்று இலை விட்டிருக்கும்!

பதில்: மழைக்குப் பிறகு கால் வைக்க முடியாத களிமண் காட்டில் நீங்கள் செய்வது சரி. ஆனால் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும், அப்போதுதான் சிறு தூறலுக்கு முளைத்து ஏமாறாது. கம்பு, கேழ்வரகு போன்ற பொடி விதை அந்த ஆழத்திலிருந்து மேலே வர முடியாமல் தவிக்கும். களையும் பயிரோடு சேர்ந்தே கிளம்பும். எறும்பைச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி (அவரே): எறும்புக்கும் சேர்த்துத்தான் கூடுதலாக விதைக்கிறேனே!

பதில்: எறும்பு வராத வருடம் அத்தனையும் முளைத்து, இருக்கிற ஈரத்துக்கு அடித்துக்கொள்ளுமே, அதிகப்படியான நாற்றைப் பிடுங்கிக் கலைப்பீர்களா? சரி, களிமண் சோளத்தில் உங்கள் கட்சி. பொடி விதையில் என் கட்சி.

கேள்வி: நட்ட நெல் முழுக்க மூழ்கிவிட்டது.

பதில்: ஸ்வர்ணா சப்-1 போன்ற, வெள்ளம் தாங்கும் ரகமாக இருந்தால் இரண்டு வாரம்வரை தாங்கும். நீருக்கடியில் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொள்ளும். நீர் வடிந்ததும் யூரியாவோடு ஓடாதீர்கள், புது இலை வரட்டும்.

கேள்வி: முதல் மழை பெய்தது. கம்பு விதைக்கலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: மக்காச்சோளம்?

பதில்: அதே குழி, அதே சாண்.

கேள்வி: குழி தோண்டினேன். உருண்டை நிற்கிறது. காற்று பலமாக அடிக்கிறது, மேல் மண் காய ஆரம்பித்துவிட்டது. என்ன செய்ய?

பதில்: இங்கே என்ன செய்கிறீர்கள்? போய் விதையுங்கள்.