தவறிய பந்தை எடுத்தது யார்?

வணக்கம். எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்த வருடம் நான்தான் கேப்டன். ஆறாம் வகுப்பிலிருந்து ஆடுகிறேன். அணியில் அதிக பாயிண்ட் எடுப்பதும் நான்தான். ஆனால் கேப்டன் ஆனதிலிருந்து எல்லோரும் என்னைவிட்டு விலகியே நிற்கிறார்கள். போன மேட்சில் ஒரு ஜூனியர், வளையத்துக்குப் பக்கத்திலிருந்து போடும் சுலபமான லேஅப்பை விட்டுவிட்டாள். கடுப்பில் கையை விரித்தேன். அதற்கப்புறம் அவள் பந்தே கேட்கவில்லை. எனக்கிருக்கும் வெறி அவர்களுக்கு ஏன் வரவில்லை?

ச.

அன்புள்ள ச.,

கடிதத்தைப் படித்ததும் பில் ரஸ்ஸல் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்காக 1956 முதல் 1969 வரை 13 சீசன் ஆடி, 11 முறை கோப்பை வென்றவர். அவருடைய சராசரி என்ன தெரியுமா? ஆட்டத்துக்கு 15 பாயிண்ட். ஒரு சீசனில்கூட அது 20-ஐத் தொட்டதில்லை.

வெறி இல்லாமலா? பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் பதற்றத்தில் வாந்தி எடுக்கிற அளவுக்கு இருந்தது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பழைய கறுப்பு வெள்ளைப் பதிவுகளில் பாருங்கள். எதிராளி எம்பி ஷாட் அடிப்பார். ரஸ்ஸலின் இடது கை மேலே போகும். ஓங்கி அறைந்து பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பினால் கைதட்டல் கிடைக்கும், பந்து எதிரணிக்கே திரும்பிவிடும். அவர் விரலால் மெல்லத் தட்டிக் கோர்ட்டுக்குள்ளேயே, தன் ஆள் கைக்கு எட்டும்படி விழவைப்பார். அந்த ஆள் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் போடுவார். பாயிண்ட் அவர் கணக்கில். ரஸ்ஸல் கணக்கில் எதுவும் ஏறாது. அவர் ஆடிய அமெரிக்க லீக்கான என்பிஏவில் பிளாக்குகளை, அதாவது இப்படித் தடுத்த ஷாட்களை, குறித்துவைக்க ஆரம்பித்ததே 1973-ல்தான்.

கோர்ட்டுக்கு வெளியிலும் அப்படித்தான். 1961-ல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஒரு காட்சி ஆட்டம். தங்கிய ஹோட்டலில் அவருடைய அணி வீரர்கள் சாம் ஜோன்ஸ், சாட்ச் சாண்டர்ஸ் இருவருக்கும் கறுப்பர்கள் என்பதால் சாப்பாடு தர மறுத்தார்கள். ரஸ்ஸலும் அணியின் மற்றக் கறுப்பின வீரர்களும் ஆடாமல் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள்.

1966-லிருந்து அவரே பயிற்சியாளர், அவரே வீரர். 1969 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில். எதிரணியான லேக்கர்ஸ் ஜெயித்ததும் கொட்டுவதற்காகக் கூரையில் பலூன்களைக் கட்டிவைத்திருந்தார்கள். செல்டிக்ஸ் 108-106 என ஜெயித்தது. ரஸ்ஸலின் கடைசி ஆட்டம் அது. அவர் எடுத்தது 6 பாயிண்ட். ரீபவுண்ட் 21.

ரீபவுண்ட் என்பதே யாரோ தவறவிட்ட பந்துதானே, ச.?

உங்கள் வெறியைக் குறைக்கச் சொல்லவே மாட்டேன். கை விரித்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதனாலேயே உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை. நாளைப் பயிற்சியில் முதல் பாஸை அந்தப் பெண்ணுக்குப் போடுங்கள். விட்டால் நீங்களே ஓடி எடுத்து, திரும்ப அவளுக்கே கொடுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. நீங்கள் கையை விரித்து நின்ற நேரத்தில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை யார் எடுத்தார்கள்? கடிதத்தில் அது இல்லை.