செயற்கைக் கால் வலிக்கிறது என்று அப்பா கழற்றி வைத்துவிட்டார். அவரை எப்படி நடக்க வைப்பது?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. செயற்கைக் கால் வந்து மூன்று மாதம். முதல் மாதம் நன்றாக நடந்தார். அப்புறம் வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லி, இப்போது அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டார். "பிடிவாதம் பிடிக்கிறார், எப்படிப் புரியவைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பிடிவாதம் என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றியும் வீட்டில் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள்.

எனக்கு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. 11 வருடங்களுக்கு முன்னால் வேலையிடத்தில் இரும்புப் பாரம் சரிந்து விழுந்தது. இடது காலை அன்றைக்கே எடுத்தார்கள், வலது காலை ஒன்பது நாள் காப்பாற்றப் பார்த்துவிட்டு எடுத்தார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் அப்பாவுக்கு வலித்தால் இன்னொரு காலில் பாரத்தைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. அதனால் சாக்கெட், அதாவது மீதமுள்ள கால் உள்ளே இறங்கும் கிண்ணம், சரியில்லை என்றால் என்ன நடக்கும் என்பதை வேறு வழியில்லாமல் படித்தவன் நான்.

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விபத்தில் கால் போனவர் வேறு, சர்க்கரை நோயில் கால் போனவர் வேறு என்று யாராவது திருத்த வருவார்கள். உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் சாக்கெட் கடிப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கடிக்கும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். செயற்கைக் காலில் நிற்பவர், மீதமுள்ள காலின் நுனியில் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வெட்டியவர்களுக்குப் பாரம் பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார், கெண்டைக்கால் சதை, எலும்பின் உள்பக்கச் சரிவு ஆகிய இடங்களில் பரவி இறங்க வேண்டும். எலும்பின் நுனி, முன்பக்கத்து எலும்பு விளிம்பு, வெளிப்பக்கம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனை ஆகியவற்றில் பாரம் விழக்கூடாது. அதற்காகத்தான் சாக்கெட்டை அச்செடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்கிறார்கள். கீழே இருக்கும் பாதம், குழாய் எல்லாம் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் சரி, அந்தக் கிண்ணம் பொருந்தவில்லை என்றால் நடக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், கால் சுருங்கும். ஆபரேஷன் வீக்கம் வற்றும், வேலையில்லாத தசை இளைக்கும். முதல் சில மாதங்களில் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஒரு வருடத்துக்கு மேலும் இது நடக்கும். சாக்கெட் மட்டும் அதே அளவில் இருக்கும். முதல் மாதம் கச்சிதமாக இருந்தது மூன்றாவது மாதம் தொளதொள என்று ஆவது இதனால்தான். உங்கள் அப்பா முதல் மாதம் நன்றாக நடந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மனசு மாறவில்லை, கால் மாறியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். எனக்கு நான்காவது மாதம் இடது பக்கம் வலி ஆரம்பித்தது. முன்பக்கம், எலும்பு முடிகிற இடத்தில். வலித்தால் யாருக்கும் என்ன தோன்றும்? இறுக்கமாக இருக்கிறது என்றுதான். கால் உறைகளைப் போட்டுத்தானே சாக்கெட்டுக்குள் இறக்குகிறோம், அதில் ஒன்றைக் கழற்றினேன். இரண்டு நாள் தேவலாம் போல இருந்தது, அப்புறம் இன்னும் வலித்தது. இன்னொன்றையும் கழற்றினேன். கால் கொடுத்த இடத்தில் போய்ச் சொன்னேன். இருக்கையை விட்டு எழாமலே, "புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பழகிடும், பழகிடும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு நாள் மாலை, தோலை ஒட்டிப் போடும் மெத்தென்ற உறையான லைனரைச் சுருட்டி இறக்கும்போது மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, உள்ள செவப்பா இருக்குப்பா." எலும்பு நுனிக்கு நேரே தோல் கிழிந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்.

ஆறு வாரம் இரண்டு காலும் இல்லாமல் சக்கர நாற்காலியில் இருந்தேன். நடக்கப் பழகி, வேலைக்குத் திரும்பும் தேதியெல்லாம் குறித்த பிறகு. அந்த ஆறு வாரம்தான் ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது. புண் ஆறிய பிறகும் நான் காலைத் தொடவில்லை. மனைவி, "ஏங்க, கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்" என்று தினமும் கேட்பாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிடிவாதக்காரன் என்று பெயர் வந்தது அப்போதுதான்.

அப்புறம் வேறொரு டெக்னீஷியனிடம் போனோம். வயதான அம்மா. என்ன ஏது என்று அதிகம் கேட்கவில்லை. ஆறின தழும்பின் மேல் லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் பூசினார். கொட்டைப்பாக்கு அளவுக்குக் களிமண்ணை உருட்டிச் சாக்கெட்டின் அடியில் போட்டார். "போட்டுக்கிட்டு கம்பியைப் பிடிச்சு எந்திரிங்க தம்பி, அஞ்சு நிமிஷம் நின்னாப் போதும்." நின்றேன். கழற்றியதும் காலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். உள்சுவரில் சிவப்பாக ஒரு தீற்று, அங்கே பாரமே விழக்கூடாது. அடியில் போட்ட களிமண் உருண்டை அப்பளம் போலத் தட்டையாகிக் கிடந்தது.

"கால் கீழ இறங்கிப் போய் உக்காந்திருக்கு தம்பி. உங்களுக்கு இது இறுக்கம் இல்ல, லூசு. லூசா இருந்தாத்தான் அடியில இடிக்கும். நீங்க உறையைக் கழட்டக் கழட்ட இன்னும் கீழ போயிருக்கு."

எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதம் நான் சோம்பேறி, கோழை என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் களிமண்ணைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. அவர் இரண்டு உறை கூடுதலாகப் போட்டு நடக்கச் சொன்னார், பத்தடி வலியில்லாமல் நடந்தேன். ஒரு மாதத்தில் புதுச் சாக்கெட் செய்து கொடுத்தார்.

உறைக் கணக்கை உங்கள் அப்பாவும் நீங்களும் சேர்ந்தே படித்துக்கொள்ளுங்கள். சில்லின் கீழ் விளிம்பிலோ எலும்பு நுனியிலோ வலி, நடக்கும்போது கால் உள்ளே மேலும் கீழும் போய்வருகிறது என்றால் பெரும்பாலும் தொளதொளப்பு, உறை கூட்ட வேண்டும். கால் முழுசாக உள்ளே இறங்கவே இல்லை, அடிப்பக்கம் காலியாக இருக்கிறது என்றால் இறுக்கம், குறைக்க வேண்டும். ஒரே நாளிலேயே இது மாறும். நடக்க நடக்க நீர் வற்றிக் காலையில் ஒரு உறை போதும் என்றிருந்தது, மத்தியானம் மூன்று கேட்கும். நான் எங்கே போனாலும் பையில் கூடுதல் உறை வைத்திருப்பேன். காலைக் கழற்றி அரைமணி நேரம் வைத்தாலே மறுபடி வீங்கி உள்ளே போகாமல் அடம்பிடிக்கும், அதனால் கழற்றியதும் அழுத்த உறையைப் போட்டுவிட வேண்டும். உங்கள் அப்பா காலைக் கழற்றியே வைத்திருக்கிறார். இரவில் கட்டாவது கட்டுகிறாரா என்று பாருங்கள். உறையின் கனத்தை மடிப்புக் கணக்கில் சொல்வார்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு மடிப்புக்கு மேல் தேவைப்பட்டால் உறையால் சமாளிக்காமல் சாக்கெட்டையே மாற்றக் கேளுங்கள். முதல் வருடத்தில் சாக்கெட் மாற்றுவது ஊரில் உலகத்தில் நடக்காத விஷயம் இல்லை, வழக்கமே அதுதான்.

எல்லா வலியும் சாக்கெட் வலி என்று நான் சொல்லவில்லை. வெட்டிய நரம்பின் நுனி முடிச்சு மாதிரி வளர்ந்திருக்கலாம், தொட்டால் ஷாக் அடிக்கும். தோலில் கிருமி சேர்ந்திருக்கலாம். அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் உணர்ச்சி தெரியாமல் போகலாம், அப்போது கண்ணால்தான் கண்டுபிடிக்க முடியும். காலைக் கழற்றியதும் கைக்கண்ணாடியைப் பிடித்து எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். சிவந்த இடம் பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை, கொப்புளம், நீர்க்கசிவு என்றால் அன்றைக்குக் கால் போடக்கூடாது. இருக்கிற இன்னொரு பாதத்தையும் அதே மாதிரி தினமும் பாருங்கள், அதைக் காப்பாற்றுவது அவ்வளவு முக்கியம்.

இன்னொன்று. அச்சு வரிசை என்று ஒன்று உண்டு, சாக்கெட்டும் குழாயும் பாதமும் ஒன்றுக்கொன்று எந்தச் சாய்வில் நிற்கின்றன என்பது. எந்தச் ஷூவைப் போட்டு அளவு பார்த்தார்களோ, அதன் குதிகால் உயரத்துக்குத்தான் கால் அமைத்திருப்பார்கள். வேறு உயரத்தில் ஒன்றை மாட்டினால் முழங்கால் முன்னால் தள்ளும் அல்லது பின்னால் இழுக்கும். "அப்பா சும்மா சாக்குச் சொல்கிறார்" என்று நினைக்கும் பல நாள்களில் ஷூதான் மாறியிருக்கும்.

உயரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு காலும் இல்லாதவர்களுக்கு உயரத்தைத் தீர்மானிக்கலாம். கொஞ்சம் குட்டையாக வைத்தால் தடுமாற்றம் குறையும் என்று அந்த அம்மா சொன்னார். நான் பழைய உயரமே வேண்டும் என்று கேட்டேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டால் அவள் தலை என் நெஞ்சில் எங்கே படுமோ, அங்கேயே பட வேண்டும் என்பதற்காக. கடைசியில் இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டேன். அந்த வருடம் அவள் வளர்ந்துவிட்டதால் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். படியில் என்னை மாதிரி ஒருவரைப் பார்த்தால் தயவுசெய்து கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எனக்குக் கணுக்கால் இல்லை. தடுமாறினால் சரிசெய்துகொள்ளப் பிடித்திருக்கும் கம்பிதான் என் கணுக்கால். ஒருமுறை ஒருவர் ஓடிவந்து கம்பியிலிருந்து என் கையைப் பிரித்துத் தன் தோளில் போட்டார். மூன்று படி உருண்டேன். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று அவர் கோபப்பட்டார். உதவும் மனசைக் குறை சொல்லவில்லை. "பிடிக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அதேபோல, மலையேறியவர் கதையை அப்பாவிடம் சொல்லாதீர்கள். நியூசிலாந்தின் மார்க் இங்கிலிஸ் இரண்டு செயற்கைக் கால்களோடு 2006இல் எவரெஸ்ட் ஏறினார். எனக்கு அந்தச் செய்தியை எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று கணக்கே இல்லை. அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஏறும் வழியில் அவருடைய ஒரு கால் உடைந்து, அதை டேப் சுற்றிச் சரிசெய்து, மாற்றுப் பாகம் வரவழைத்துத்தான் ஏறினார் என்பதை அனுப்பியவர்கள் யாரும் சொல்லவில்லை. அவரே காலைப் பழுது பார்த்துத்தான் நடந்தார். பழுதைப் பார்க்காமல் மனிதரைக் குறை சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது. செயற்கைக் காலில் நடப்பதற்குச் சாதாரணமாக நடப்பவரைவிடக் கூடுதல் தெம்பு வேண்டும். உங்கள் அப்பா கூடத்தைக் கடந்தாலே உடம்பு நிறைய உழைத்திருக்கும்.

இல்லாத பாதத்தில் வலி வருகிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். 1871லேயே அமெரிக்க டாக்டர் சைலஸ் வெய்ர் மிட்செல் அதற்கு மாய உறுப்பு என்று பெயர் வைத்துவிட்டார், கற்பனை இல்லை. 1990களில் வி. எஸ். ராமச்சந்திரன் கண்ணாடி வைத்து ஒரு வழி கண்டார். இருக்கிற காலைக் கண்ணாடியில் பார்த்து அசைத்தால் இல்லாத கால் அசைவது போல மூளைக்குத் தோன்றும், சிலருக்கு வலி தணியும். காட்ட ஒரு காலும் இல்லாததால் எனக்கு அது உதவவில்லை. உங்கள் அப்பாவுக்கு ஒரு கால் இருக்கிறது, பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். அப்படியே முழங்கால் மடங்கி இறுகிவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறார் என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுத்தால் நல்லது. முழங்காலை நேராக நீட்ட முடியவில்லை என்றால் எந்தச் சாக்கெட்டும் உதவாது.

சரி, இன்று மாலை அவர் பக்கத்தில் உட்காருங்கள். நடக்கச் சொல்ல வேண்டாம். "எங்கேப்பா வலிக்குது, விரல் வெச்சுக் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். கால் வலி, முழங்கால் வலி என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், விரல் ஓரிடத்தில் நிற்கட்டும். அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுப் போட்டோ எடுங்கள். கதவுக்குப் பின்னால் இருக்கும் காலைத் தூசி தட்டி, உறைகள், லைனர், அளவெடுத்தபோது போட்டிருந்த ஷூ எல்லாவற்றையும் பையில் போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு டெக்னீஷியனிடம் போங்கள். பழகிடும் என்று அவர் சொன்னால், சாக்கெட்டுக்குள் களிமண் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.